மூக்கு சொல்வதெல்லாம் தீர்ப்பாகுமா?
சேர்வராயன் மலைக் காப்பித் தொட்டி முதல் தைவான் இரவுக்கடை வரை

உணவு நம் முன் வைக்கப்பட்டதும் முதலில் தீர்ப்புச் சொல்வது நாவன்று, மூக்கு. கை சஹனை நெருங்குவதற்கு முன்பே, "இது வேண்டும்", "இது வேண்டாம்" என்று மூக்கு முடிவு செய்து விடுகிறது. கெட்டுப்போன உணவிலிருந்து மனிதனைக் காப்பதற்காக இறைவன் அமைத்துத் தந்த காவலாளி அது. அந்தக் காவலாளியின் பணியை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயினும், காவலாளியே நீதிபதியாகவும் அமர்ந்து விட்டால் என்ன ஆகும்? பழக்கமில்லாத வாடையெல்லாம் கெட்ட வாடை என்றும், அந்த வாடையுள்ள உணவை உண்போரெல்லாம் தாழ்ந்தவர் என்றும் தீர்ப்பு எழுதப்படும். அப்படி எழுதப்பட்ட தீர்ப்புகளால் வாடகை வீடு கிடைக்காமல் தெருத்தெருவாய் அலைந்தவர்களுள் நம் சமுதாயத்தாரும் உண்டு. ஆகவே உணவின் வாடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்பது நமக்குப் பயனுடையது.

தொட்டியில் பிறக்கும் நறுமணம்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் சேர்வராயன் மலையின் மேல் ஏற்காடு அமைந்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். இன்றும் சில்வர் ஓக் மரங்களின் நிழலில், மிளகுக் கொடிகளின் நடுவே காப்பித் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன.

காப்பிக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. யமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருப்பதற்காக அருந்திய பானம் அது. பாபா புதன் என்னும் இறைநேசர் ஏழு காப்பிக் கொட்டைகளை அரபு நாட்டிலிருந்து கொண்டு வந்து கர்நாடகத்தின் சந்திரகிரி மலையில் விதைத்தார் என்பது வழிவழியாக வரும் வரலாறு.

காப்பியின் நறுமணத்தை விரும்பாதவர் வெகு சிலரே. ஆனால், அந்த நறுமணம் எந்த வழியாக வருகிறது என்பதைத் தோட்டத் தொழிலாளர்களே நன்கு அறிவர். நவம்பர் தொடங்கிச் சில மாதங்கள் மலையில் அறுவடைக் காலம். பறித்த செம்பழங்களை இயந்திரத்திலிட்டுத் தோலை நீக்குவர். அதன் பின்னும் கொட்டையின் மேல் வழுவழுப்பான ஒரு பசை ஒட்டிக் கொண்டிருக்கும். தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் அது எளிதில் போகாது. ஆகவே கொட்டைகளைத் தொட்டியில் குவித்து, ஒரு நாளோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ அப்படியே விட்டுவிடுவர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்தப் பசையைத் தின்று கரைக்கும். நொதித்தல் என்பது இதுதான்.

அந்நேரத்தில் தொட்டியருகே சென்று நின்றால் புளித்த வாடை மூக்கைத் துளைக்கும். உரித்தெடுத்த தோல் குவிந்து கிடக்கும் இடத்திலோ வீச்சம் இன்னும் கடுமையாக இருக்கும். தொழிலாளி ஒரு பிடி கொட்டையை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். வழுவழுப்பு நீங்கிச் சொரசொரப்பு தட்டினால் தொட்டியைத் திறந்து கழுவி விடுவார். பிறகு களத்தில் காய்தல், தோல் நீக்குதல், வறுத்தல் எனப் பல படிகள். நம் வீட்டுக் கோப்பையில் ஆவி பறக்கும் மணம், ஒரு காலத்தில் மூக்கைப் பொத்த வைத்த தொட்டியைத் தாண்டி வந்ததாகும்.

இரவில் கமழும் கடைகள்

மலைக்குளிர் இறங்கும் மாலை நேரத்தில் ஏற்காடு ஏரிக்கரைப் பக்கம் மிளகாய் பஜ்ஜிக் கடைகளில் கூட்டம் சேரும். கொதிக்கும் எண்ணெயிலிருந்து எடுத்த பண்டத்தைச் சூடாறுமுன் நின்றபடியே உண்பதில் ஒரு தனி இன்பம். உலகில் குளிரும் இரவும் உள்ள இடமெல்லாம் இத்தகைய கடைகளும் உள்ளன.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நம் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் 'மாமாக்' கடைகளை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவு கடந்தும் அடுப்பு அணையாத கடைகள் அங்கே ஏராளம். அக்கடைகளின் 'மீ கோரேங்' என்னும் பொரித்த மீயில் சதுரம் சதுரமாக வெண்ணிறத் துண்டுகள் கலந்திருக்கும். சோயா மொச்சையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, அந்தப் பாலைத் திரித்துக் கட்டியாக்கிய 'தோஃபு' அது. நம் பன்னீரைப் போன்றது என்று சொன்னால் எளிதில் விளங்கும். சீனர்களின் தோஃபு தமிழ் முஸ்லிம் சமையற்காரரின் இரும்புச்சட்டியில் ஏறிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன.

அந்த தோஃபுவுக்கு வாடை ஏதும் பெரிதாக இல்லை. ஆனால் அதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. சீன மொழியில் 'சௌ தௌஃபு' என்பர். 'நாறும் தோஃபு' என்பதே அதன் நேர்ப்பொருள். விற்பவரே தம் பண்டத்துக்கு 'நாறும்' என்று பெயர்ப்பலகை எழுதி வைத்திருப்பதும், அதைத் தேடி மக்கள் வரிசையில் நிற்பதும் வியப்பான காட்சியல்லவா?

தைவான் நாட்டின் தலைநகர் தைப்பேயில் ஷிலின், ராவ்ஹெ போன்ற இரவுச் சந்தைகள் புகழ் பெற்றவை. அந்நகரை ஒட்டிய ஷென்கெங் என்னும் ஊரின் பழைய தெரு தோஃபு உணவுகளுக்கென்றே பெயர் பெற்றது. அங்கெல்லாம் நாறும் தோஃபுக் கடையைக் கண்டுபிடிக்க வழி கேட்க வேண்டியதில்லை. காற்றே வழிகாட்டி விடும். சாக்கடை வாடை, அழுகிய முட்டைக்கோசு வாடை, பழைய காலுறை வாடை என்று முதன்முறை நுகர்பவர்கள் பலவாறு ஒப்பிடுவர்.

இப்பண்டம் தோன்றியதைப் பற்றிச் சீனாவில் ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. 1669-ஆம் ஆண்டு வாங் ஜிஹே என்பவர் அரசுத் தேர்வெழுத பெய்ஜிங் நகருக்கு வந்தார். தேர்வில் தோற்று, பிழைப்புக்காகத் தோஃபு விற்கத் தொடங்கினார். ஒரு நாள் விற்காமல் எஞ்சியதை எறிய மனமின்றி உப்பிட்டு ஜாடியில் அடைத்து வைத்தார். பல நாள் கழித்துத் திறந்தபோது அது பச்சை நிறமேறி நாறியது. துணிந்து வாயிலிட்டார், சுவை அவரை வியக்க வைத்தது. அவர் பெயரால் வழங்கும் உணவு நிறுவனம் பெய்ஜிங்கில் இன்றும் உள்ளது. வறுமையும், உணவை வீணாக்கக் கூடாது என்ற எண்ணமும் சேர்ந்து உருவாக்கிய உணவு என்பதே இக்கதையின் சாரம்.

தைவானில் செய்யும் முறை வேறு. கீரைத்தண்டு, கடுகுக்கீரை, மூங்கில் குருத்து முதலியவற்றை உப்புநீரில் ஊறவைத்து, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நொதிக்க விடுவர். சில கடைக்காரர்கள் காய்ந்த இறால், மீன், இறைச்சி ஆகியவற்றையும் சேர்ப்பர். அவ்வாறு முதிர்ந்த நீரில் புது தோஃபுவைச் சில மணி நேரம் ஊறவைத்து எடுப்பர். பிறகு மேற்புறம் மொறுமொறுப்பாகும் வரை எண்ணெயில் பொரித்து, நடுவில் துளையிட்டுப் பூண்டும் மிளகாயும் கலந்த சாற்றை ஊற்றி, இனிப்பும் புளிப்புமான முட்டைக்கோசு ஊறுகாயுடன் தருவர். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு போன்ற மென்மை. வாயிலிட்ட பின் அந்தக் கடும் வாடை பின்னுக்குப் போய், பாலாடைக்கட்டியை ஒத்த ஆழ்ந்த சுவை முன்னுக்கு வருகிறது என்பது உண்டவர் கூற்று.

மூக்கும் நாவும் முரண்படுவது ஏன்?

நொதிக்கும்போது நுண்ணுயிர்கள் சோயாவின் புரதத்தைச் சிறு சிறு கூறுகளாக உடைக்கின்றன. அவற்றுள் சில நாவுக்குச் சுவை தருபவை. இறைச்சிச் சாற்றில் நாம் உணரும் ஆழ்ந்த சுவை அவற்றிலிருந்தே வருகிறது. வேறு சில காற்றில் எளிதில் கலப்பவை. கந்தகம் கலந்த பொருள்களும் 'இண்டோல்' என்னும் பொருளும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆகவே சுவையும் வாடையும் ஒரே வேலையின் இரு விளைவுகளாகப் பிறக்கின்றன.

இதில் இண்டோலைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். அது மிகுந்திருந்தால் மலத்தின் வாடையாகத் தோன்றும். மிகச் சிறிதளவு இருந்தால் மலரின் மணத்துக்குச் செறிவூட்டும். நம் பெண்மக்கள் விரும்பிச் சூடும் மல்லிகையின் மணத்திலும் இண்டோல் உண்டு! பொருள் ஒன்றே, அளவும் சேர்க்கையும் மாறும்போது மூக்கின் தீர்ப்பும் மாறிவிடுகிறது.

நம் தமிழ்ச் சொல்லின் கதையும் இதைப் போன்றதே. 'நாற்றம்' என்ற சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. மலரின் நாற்றம் என்று புலவர்கள் பாராட்டிப் பாடினர். காலப்போக்கில் அச்சொல் தீய வாடைக்கு மட்டுமே உரியதாகிவிட்டது.

நம் வீட்டுப் பானையும் மீன்சட்டியும்

"சீனர்கள் எதை எதையோ உண்கிறார்கள்" என்று முகம் சுளிப்பதற்கு முன் நம் அடுப்பங்கரையை ஒரு முறை சுற்றிப் பார்ப்போம். இட்லி மாவு இரவெல்லாம் பொங்குவது நொதித்தலால். தயிர் உறைவதும் பழைய சோற்று நீர் புளிப்பதும் அவ்வாறே. சேலம் மாவட்டத்துச் சிற்றூர்களில் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கூழ் எத்தனை உழைப்பாளிகளின் காலைப் பசியைத் தீர்த்திருக்கிறது! அதற்குத் தொட்டுக்கொள்ளக் கருவாடு. கடற்கரை ஊர்களில் கருவாட்டு ஆணம் கொதித்தால் தெருவே பசியெடுத்து நிற்கும். அதே வாடையைப் பட்டணத்து அடுக்குமாடி வீட்டில் எழுப்பிப் பாருங்கள். அண்டை வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாய்ச் சாத்தப்படும்.

தோஃபுவுக்கு இணையாக, சோயாவை நொதிக்கவைத்து உண்ணும் வழக்கம் நம் இந்தியாவிலேயே இருப்பதைப் பலர் அறியார். நாகாலாந்தில் 'அக்குனி', மணிப்பூரில் 'ஹவாய்ஜார்', மேகாலயத்தில் 'துங்ரிம்பாய்', சிக்கிமில் 'கினிமா' எனப் பல பெயர்களில் அது வழங்குகிறது. வேகவைத்த சோயாவை இலையில் பொதிந்து சில நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் அது இழைபிடித்துக் கடும் வாடை கொள்ளும். மலைவாழ் மக்களுக்கு அது மலிவான புரதம். தாய் கையால் உண்ட உணவின் நினைவு.

2007-ஆம் ஆண்டு தில்லி காவல்துறை, தலைநகரில் தங்கிப் பயிலும் வடகிழக்கு மாநில மாணவர்களுக்கென ஒரு கையேடு வெளியிட்டது. அக்குனி, மூங்கில் குருத்து போன்ற வாடையுள்ள உணவுகளைச் சமைக்கும்போது அக்கம்பக்கத்தில் பிரச்சினை எழாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதிலிருந்த அறிவுரைகளுள் ஒன்று. கண்டனங்கள் எழுந்தன. 2019-இல் 'அக்சோனே' என்ற பெயரிலேயே ஓர் இந்தித் திரைப்படம் வந்தது. தோழியின் திருமணத்துக்காக இவ்வுணவைச் சமைக்க, வாடகை வீட்டில் இடம் தேடித் திண்டாடும் இளைஞர்களின் கதை அது.

இக்கதை நமக்கு அந்நியமானதா? "நாங்கள் சைவம், கறி, மீன் சமைப்பவர்களுக்கு வீடு தருவதில்லை" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிய குடும்பங்கள் நம்மில் எத்தனை! சமையல் வாடை என்பது பல நேரங்களில் ஒரு சாக்கு மட்டுமே. உள்ளே இருப்பது வேறு. இந்த வலியை உணர்ந்த நாம், நம் ஊர் உணவகங்களில் உழைக்க வந்திருக்கும் வடகிழக்கு இளைஞர்கள் தங்கள் அறையில் சமைக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு கேலி பேசலாமா? நமக்கு இழைக்கப்பட்டதை நாம் பிறருக்கு இழைப்பது நியாயமாகாது.

வாடை வேறு, விலக்கு வேறு

மார்க்கம் இதில் நமக்குத் தெளிவான வழியைக் காட்டியிருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

மதீனாவில் அபூ அய்யூப் அன்சாரி (ரலி) அவர்கள் நபிகளாருக்கு உணவு அனுப்புவது வழக்கம். ஒரு நாள் பூண்டு சேர்ந்திருந்த உணவு உண்ணப்படாமல் திரும்பி வந்தது. இது ஹராமா என்று அவர்கள் பதறிக் கேட்டபோது, இல்லை, அதன் வாடையின் காரணமாக விரும்பவில்லை என்று விடை கிடைத்தது. இந்நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. வாடை பிடிக்காமை வேறு, விலக்கப்பட்டது என்பது வேறு என்பதை இதைவிட எளிதாக எவ்வாறு விளக்க முடியும்?

அவ்வாறே காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் பாலைவன உடும்பின் இறைச்சியை நபிகளாரின் முன்னிலையிலேயே உண்டார்கள். நபிகளார் உண்ணவில்லை, தம் சமூகத்தார் வாழும் பகுதியில் அது பழக்கமில்லாதது என்று காரணம் கூறினார்கள், உண்டவரைத் தடுக்கவுமில்லை.

மறுபுறம், பச்சைப் பூண்டும் வெங்காயமும் உண்ட வாயோடு பள்ளிவாசலுக்கு வந்து பிறருக்குத் தொல்லை தர வேண்டாம் என்றும் அறிவுறுத்தியுள்ளார்கள். ஆகவே, பிறர் உணவைப் பழிக்காதிருப்பது நம் கடமை. நம் உணவின் வாடையால் பிறரைத் துன்புறுத்தாதிருப்பதும் நம் கடமையே. கருவாடு பொரிக்கும்போது வெளிப்பக்கச் சன்னலைத் திறந்து வைப்பதும், அண்டை வீட்டில் நோயாளியோ கருவுற்ற பெண்ணோ இருந்தால் நேரம் பார்த்துச் சமைப்பதும் பெருந்தன்மையாகும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

நம் பிள்ளைகள் இன்று படிப்புக்கும் வணிகத்துக்கும் தைவான், சீனா, ஹாங்காங் என்று செல்கிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை மக்கள் பல்லாண்டுகளாகவே ஹாங்காங்கில் வாழ்ந்து வருகின்றனர். 1984-இல் புதிதாக எழுப்பப்பட்ட கௌலூன் பள்ளிவாசலில் தமிழ்க் குரலைக் கேட்கலாம். அங்குள்ள தெருக்களிலும் நாறும் தோஃபு விற்கப்படுகிறது. "சோயாதானே, இறைச்சியில்லையே" என்று எண்ணி உண்ண நேரிடலாம். மூக்கு எச்சரிப்பது வாடையை மட்டுமே. மார்க்கம் எச்சரிப்பவை அந்த வாடையில் தெரிவதில்லை. ஆகவே வாய் திறந்து கேட்க வேண்டும்.

முதலாவது, எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள்? பன்றிக் கொழுப்பிலும் பொரிப்பதுண்டு. பன்றி இறைச்சி பொரித்த அதே எண்ணெயிலும் பொரிப்பதுண்டு.

இரண்டாவது, ஊறவைக்கும் நீரில் என்ன சேர்ந்திருக்கிறது? காய்கறி மட்டுமா, இறைச்சியும் உண்டா? இறைச்சியென்றால் எது, எவ்வாறு அறுக்கப்பட்டது?

மூன்றாவது, மது கலந்திருக்கிறதா? ஜாடியில் அடைத்து விற்கும் நொதித்த தோஃபு வகைகள் பலவற்றில் அரிசி மது சேர்க்கப்படுகிறது. நொதித்தல் என்பதாலேயே ஒரு பொருள் ஹராம் ஆகிவிடாது. தயிரும் காடியும் நாம் உண்பவையே. போதை தருவதே விலக்கு.

நான்காவது, உடன் என்ன தருகிறார்கள்? தைவானில் நாறும் தோஃபுவைக் குழம்பாகக் கொதிக்கவைக்கும்போது வாத்தின் உறைந்த இரத்தத்தையும் பன்றிக் குடலையும் சேர்ப்பது வழக்கம்.

சைவம் என்று எழுதியிருந்தாலும் மதுவைப் பற்றித் தனியே கேட்டுத் தெளிவதே நலம். சீன முஸ்லிம்களின் கடைகளில் 'சிங்ஜென்' என்ற சொல் பொறித்த பலகை இருக்கும். அது ஹலால் உணவைக் குறிப்பது. 1960-இல் கட்டப்பட்ட தைப்பே பெரிய பள்ளிவாசல் போன்ற இடங்களில் தொழுகைக்கு வருபவர்களிடம் விசாரித்தால் எந்தக் கடையில் உண்ணலாம் என்று வழி கிடைக்கும்.

உடல்நலம் பற்றியும் ஒரு சொல். பக்குவமாக நொதிப்பது வேறு, அழுகுவது வேறு. உப்பின் அளவும் தூய்மையும் தவறினால் நன்மை செய்யும் நுண்ணுயிர்களின் இடத்தை நஞ்சு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பிடித்துக்கொள்ளும். சீனாவில் வீடுகளில் முறையின்றி நொதிக்கவைத்த சோயாப் பண்டங்களால் 'பொட்டுலிசம்' என்னும் கொடிய நச்சுநோய் கண்டதுண்டு. ஆசைக்காக வீட்டில் செய்து பார்க்கும் பண்டமன்று இது. ஐயமிருந்தால் உண்ணாமல் விடுவதே அறிவுடைமை.

தாய்மார்களுக்கு

குழந்தைகள் பிறர் உணவை நோக்கும் முறை வீட்டு சஹனைச் சுற்றி அமர்ந்தே உருவாகிறது. பள்ளியில் உடன் படிக்கும் பிள்ளையின் மதிய உணவைப் பற்றி "சீ, நாறுகிறது" என்று நம் குழந்தை வந்து சொன்னால் சிரித்து ரசிக்காதீர்கள். "அது அவர்கள் வீட்டு உணவு. உனக்குப் பிடிக்காவிட்டால் உண்ண வேண்டாம், பழிக்கவும் வேண்டாம்" என்று அன்போடு சொல்லிக் கொடுங்கள். அயல்நாடு செல்லும் மகனுக்கு ஊறுகாயும் கருவாடும் கட்டித் தரும்போது, அங்கே எதையும் உண்பதற்கு முன் எதில் செய்தது, எப்படிச் செய்தது என்று கேட்கும் பழக்கத்தையும் சொல்லி அனுப்புங்கள். விருந்துக்கு அழைத்தவர் மனம் நோகாதவாறு, "எங்கள் மார்க்கத்தில் இது கூடாது" என்று பணிவோடு மறுக்கத் தெரிந்த பிள்ளை எந்த நாட்டிலும் மதிக்கப்படுவான். அவன் மறுப்பது உணவை மட்டுமே, அதை நீட்டிய கையை அன்று என்பதை அவனுடைய பேச்சும் முகமும் காட்ட வேண்டும்.